ஒரே லேப்டாப்புல வின்டோஸும் லினக்ஸும்: சேலத்துலயும் ஏற்காட்டுலயும் எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் இருக்கறது அம்மாபேட்டை, அக்கா வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். ரெண்டு ஊருக்கும் நடுவுல இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எறங்கி நெறைய பேருக்கு ரெண்டாவது ஓஎஸ் போட்டுக் குடுத்திருக்கேன், அதைவிட நெறைய, பாதில நின்னுபோனதை சரி பண்ணிக் குடுத்திருக்கேன். எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி இதுகதான், அதனால எழுதி வெச்சுட்டேன். நான் போடறது லினக்ஸ்ல மின்ட்ங்கற வகை, உபுண்டுங்கற இன்னொரு வகைக்கும் முக்கால்வாசி இதேதான்.

எதுக்குங்க ரெண்டு ஓஎஸ்? லினக்ஸ் மட்டும் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, பதிவு பண்ணிக்கிறவங்களுக்கு மட்டும் அதுல இருந்து ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட்னு அறிவிச்சாங்க. வின்டோஸ் 11 கேக்குற டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப், இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன் பிராசஸர் இதெல்லாம் நம்மாளுங்க கைல இருக்கற நல்லா ஓடுற லேப்டாப் பலதுல இல்ல, அதனால லினக்ஸ் பக்கம் வராங்க, வரட்டும், நல்லதுதான். ஆனா ஜவ்வரிசி மில்லு, கொலுசுப் பட்டறை, ஜவுளிக்கடைன்னு சேலத்துல கணக்கெல்லாம் டேலில ஓடுது, அதுக்கு வின்டோஸ் வேணும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் வின்டோஸ்ல வெச்சுப் பழகியாச்சு. பழசை அழிக்காம பக்கத்துலயே புதுசு வெச்சுக்கறதுதான் என்னோட யோசனை, ஆறு மாசம் பழகிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா பண்ண வேண்டியது என்ன?

பேக்கப். வேற எதையும் படிக்கலன்னாலும் இதை மட்டும் படிங்க. எங்க சித்தப்பாவுக்கு செவ்வாப்பேட்டைல சின்ன கொலுசுப் பட்டறை, கூலிக்கணக்கு, யாருகிட்ட எத்தன கிராம் வெள்ளி நிக்குது, யாரு எவ்வளவு திருப்பிக் குடுத்தாங்க, எல்லாம் ஒரே ஒரு லேப்டாப்புல இருந்துச்சு. ஸ்லோவா இருக்குன்னு ஒரு கடைல குடுத்து லினக்ஸும் சேத்துப் போடச் சொன்னாரு, அங்க இருந்த பையன் எரேஸ் டிஸ்க்ன்னு இருந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துட்டான், மூணு வருஷக் கணக்கும் தங்கச்சி கல்யாண போட்டோவும் மொத்தமா போச்சு. அந்தப் பையன் கெட்டவன் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அன்னிக்கு ஒரு பென்டிரைவ்ல கணக்கு ஃபோல்டர காப்பி எடுத்து வெச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

காப்பி எடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டர்ல சொருகி ரெண்டு ஃபைலயாவது திறந்து பாத்துருங்க, காப்பி ஆச்சுன்னு நம்பி அது ஆகாம இருந்ததை நான் பாத்திருக்கேன்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கறத பூட்டி வெக்கிற வின்டோஸ் வசதி. புது லேப்டாப்புல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள போயிருந்தீங்கன்னா டிஸ்க் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெக்கவரி கீயை, அது 48 இலக்க நம்பர், ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வெச்சுட்டு அப்புறமா அதை ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணதும் டிஸ்க் முழுக்க டிகிரிப்ட் ஆகும், ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம், நடுவுல மூடாதீங்க.

மூணாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், வின்டோஸ் சீக்கிரம் ஆன் ஆகறதுக்கான வசதி. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன பண்ணணும்ங்கிற பக்கம், அங்க அந்த டிக்கை எடுத்துருங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

லினக்ஸ் போட பென்டிரைவ் ரெடி பண்ணிட்டேன் அண்ணா, ஆனா நேரா வின்டோஸ்தான் வருது

ஆன் பண்ணதும் எதுல இருந்து பூட் ஆகணும், அதாவது தொடங்கணும்னு கேக்குற மெனுதான் பூட் மெனு, அதோட கீ கம்பெனிக்கு கம்பெனி மாறும். டெல், லெனோவோல எஃப்12, ஹெச்பில எஸ்கேப் அமுத்திட்டு எஃப்9, ஆசுஸ் லேப்டாப்புல எஸ்கேப். ஏசர்ல எஃப்12 தான், ஆனா பல மாடல்ல பயாஸ்குள்ள, அதாவது லேப்டாப்போட அடிப்படை செட்டிங் பக்கத்துக்குள்ள போயி எஃப்12 பூட் மெனுங்கறதை எனேபிள் பண்ணாத வரைக்கும் அது வேலை செய்யாது, இது தெரியாம பென்டிரைவ் மேல பழியப் போட்டு மூணு பென்டிரைவ் மாத்தினவங்க இருக்காங்க. கீ எதுவும் வேலை செய்யலன்னா வின்டோஸ்க்குள்ள இருந்து ஷிஃப்ட்ட புடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் குடுங்க, யூஸ் எ டிவைஸ்னு ஒரு ஆப்ஷன் வரும், அதுல பென்டிரைவ் தெரியும்.

மெனுல பென்டிரைவ் பேரே வரலன்னா அது தப்பா எழுதப்பட்டிருக்கு. ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது எறக்கின லினக்ஸ் ஃபைலை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா பூட் ஆகாதுங்க, ரூஃபஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வெச்சுதான் எழுதணும், யுஇஎஃப்ஐங்கற புது பூட் முறைல ஓடுற லேப்டாப்புன்னா அதுல பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐன்னு இருக்கான்னு பாத்துக்கங்க. பென்டிரைவ்ல ஏற்கனவே இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்.

பேரு வருது ஆனா பாதில எர்ரர்ன்னா டவுன்லோடு சரியா வந்திருக்காது. மின்ட் ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 3 ஜிபி, ஏற்காட்டுல பனி எறங்கிருச்சுன்னா சிக்னல் வரும் போகும், நடுவுல அறுந்து அறுந்து எறக்கின ஃபைலை நம்ப முடியாது. ஃபைல் சரியா இருக்கான்னு சரிபாக்க மின்ட் தளத்துல குடுத்திருக்கற ஷா256 நம்பரோட ஒத்துப் பாத்துருங்க, ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி எறக்கணும். மேல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது, சேலத்துக்கு வரப்ப யாரு வீட்லயாவது ஃபைபர்ல எறக்கிட்டுப் போயிருங்க.

இன்ஸ்டாலர்ல என் எஸ்எஸ்டியே காட்டல, பென்டிரைவ் மட்டும்தான் தெரியுது

டிஸ்க் கெட்டுப்போகல, பயப்படாதீங்க. இன்டெல் லேப்டாப்புல ஸ்டோரேஜ் மோடு ஆர்எஸ்டி அல்லது விஎம்டில இருக்கும், பதினொன்னாவது ஜெனரேஷன்ல இருந்து இது ரொம்ப ஜாஸ்தி, அந்த மோடுல சில மாடல்ல லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணுல படாது. அதை ஏஹெச்சிஐக்கு மாத்தணும், ஆனா பயாஸ்ல போயி நேரா மாத்திட்டீங்கன்னா வின்டோஸ் நீல ஸ்கிரீன் அடிச்சு நின்னுரும், ஏன்னா அந்த டிரைவர் லோடு ஆகறதுக்கு அது தயாரா இல்ல.

அதனால இப்படிப் போங்க. வின்டோஸ்ல எம்எஸ்கான்ஃபிக்னு தேடித் திறங்க, பூட் டேப்ல சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், உடனே பயாஸ்குள்ள போயி விஎம்டிய டிசேபிள் பண்ணுங்க இல்லன்னா ஆர்எஸ்டிய ஏஹெச்சிஐ ஆக்குங்க, சேவ் பண்ணா வின்டோஸ் சேஃப் மோடுல எந்திரிக்கும், அப்பவே புது டிரைவர எடுத்துக்கும், மறுபடி எம்எஸ்கான்ஃபிக் போயி டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடுல சில நேரம் பின் நம்பர் ஏத்துக்காது, அக்கவுன்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும். பிட்லாக்கர ஆஃப் பண்ணாம இதை மாத்தினா அந்த 48 நம்பரும் கேக்கும்.

ஏசர்ல விஎம்டிங்கற வரியே பயாஸ்ல தெரியலன்னா மெயின் பக்கத்துல நின்னுக்கிட்டு கன்ட்ரோலோட எஸ் அமுத்துங்க, ஒளிஞ்சிருக்கற ஆப்ஷன் வெளிய வரும். நான் இதைக் கண்டுபுடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு, உங்களுக்கு அது மிச்சம்.

சி டிரைவ்ல 200 ஜிபி சும்மா கெடக்கு, ஷ்ரிங்க் பண்ணா 10 ஜிபிதான் தரேங்குது

ஷ்ரிங்க்ன்னா சி டிரைவ சின்னதாக்கி லினக்ஸுக்கு எடம் எடுக்கறது, அதுக்கு நகர்த்த முடியாத ஃபைலுங்க நடுவுல உக்காந்திருக்கும், பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் மூணும்தான். மூணையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஷ்ரிங்க் குடுங்க. மின்டுக்கு குறைஞ்சது 20 ஜிபின்னு சொல்றாங்க, நான் 60-க்கு கீழ விடமாட்டேன், வசதி இருந்தா 100. எடம் ஒதுக்கறதை எப்பவும் வின்டோஸ்குள்ள இருந்தே பண்ணிருங்க, இன்ஸ்டாலர்கிட்ட விடாதீங்க. ஒதுக்கின எடத்த ஃபார்மட் பண்ணாம அன்அலகேட்டடா அப்படியே விட்டுருங்க.

வின்டோஸ் பக்கத்துலயே போடற ஆப்ஷன் வரவே இல்லீங்களே? எரேஸ் டிஸ்க் மட்டும்தான் இருக்கு

இங்க நிறுத்துங்க, நெக்ஸ்ட் அமுத்தாதீங்க. எங்க சித்தப்பா லேப்டாப் போனது இந்த எடத்துலதான்.

அந்த ஆப்ஷன் வரலன்னா வின்டோஸ் அங்க இருக்கறது இன்ஸ்டாலருக்குப் புரியலன்னு அர்த்தம். பெரும்பாலும் வின்டோஸ் யுஇஎஃப்ஐல இருக்கும், பென்டிரைவ லெகசிங்கற பழைய முறைல பூட் பண்ணியிருப்பீங்க, இல்ல தலைகீழா. பூட் மெனுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவ தெரியும், முன்னாடி யுஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும் ஒண்ணு. வின்டோஸ் எதுலன்னு பாக்க அங்க சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோடுங்கற வரியப் படிங்க, அதே மோடுலயே பென்டிரைவயும் பூட் பண்ணுங்க.

பழைய லேப்டாப்புன்னா இன்னொரு காரணம் இருக்கு. எம்பிஆர்ங்கற பழைய முறைல பிரிச்ச டிஸ்க்ல பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல போட முடியாது, கம்பெனிக்காரங்க ரெக்கவரி அது இதுன்னு நாலையும் ரொப்பி வெச்சிருப்பாங்க. அதுல அவசியமில்லாத ஒண்ண பேக்கப் எடுத்துட்டு நீக்கினாதான் எடமே கிடைக்கும்.

எதுவும் ஒத்து வரலன்னா சம்திங் எல்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், நான் எப்பவும் அதுலதான் போடறேன். ஃப்ரீ ஸ்பேஸ்னு தெரியுற எடத்துல மட்டும் கைவெச்சு லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 வகைல ஒரு பார்ட்டிஷன், மவுன்ட் பாயின்ட் ஒரே ஒரு சாய்வுக்கோடு, அவ்வளவுதான், ராம் பத்தாதப்ப உபயோகிக்கற ஸ்வாப்புக்கு தனியா வேண்டாம், அதுவே ஃபைலா வெச்சுக்கும். 100 எம்பி மாதிரி சின்னதா ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், அதுல வின்டோஸ் பூட் ஃபைல் இருக்கு, அதை உபயோகிக்கலாம், ஃபார்மட் டிக் மட்டும் போட்டுறாதீங்க. கடைசியா என்னென்ன மாறப்போகுதுன்னு ஒரு லிஸ்ட் காட்டும், அதை வாய்விட்டுப் படிச்சுட்டு அமுத்துங்க, என்டிஎஃப்எஸ்னு பேரு வந்தா அது வின்டோஸோட பார்ட்டிஷன், பேக் போயிருங்க.

நடுவுல கரண்ட் போயிருச்சு அண்ணா, என்ன ஆகும்?

ஃபைல் காப்பி ஆகுற நேரத்துல போனா ஒண்ணும் ஆகாது, லினக்ஸ் பக்கம் மட்டும் அரைகுறையா நிக்கும், அதே பார்ட்டிஷன ஃபார்மட் பண்ணி மறுபடி போட்டுக்கலாம், வின்டோஸ் அதும்பாட்டுக்கு இருக்கும். பார்ட்டிஷன் சைஸ் மாத்துற நேரத்துல போனாதான் ஆபத்து, எடம் ஒதுக்கறத வின்டோஸ்லயே முன்கூட்டி முடிங்கன்னு சொன்னதும் அதுக்காகத்தான். லேப்டாப்புன்னா பேட்டரி முழுசா ஏத்திக்கங்க, பேட்டரி செத்த லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் யுபிஎஸ் இல்லாம வேண்டாம். ஏற்காட்டுல காத்தும் மழையும் அடிக்கறப்ப ஒரு கிளை ஒயர் மேல சாஞ்சா எப்ப கரண்ட் வரும்னு யாருக்கும் தெரியாது, கீழ சேலத்துல மாசாந்திர பராமரிப்பு நாளு எதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

பென்டிரைவ்ல பூட் ஆச்சு, லோகோ வந்துச்சு, அப்புறம் ஸ்கிரீன் கருப்பு

என்விடியா கார்டு இருக்கற லேப்டாப்புல சகஜம். மின்ட் மெனுலயே கம்பாட்டிபிளிட்டி மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல போங்க. இல்லன்னா முதல் வரியில நின்னு இங்கிலீஷ் ஈ எழுத்த அமுத்தி, கொயட் ஸ்பிளாஷ்னு இருக்கற எடத்துல நோமோட்செட்ன்னு ஒரே வார்த்தையா சின்ன எழுத்துல டைப் பண்ணி எஃப்10. இன்ஸ்டால் ஆனதுக்கப்புறம் டிரைவர் மேனேஜர்ல ரெக்கமென்டட்ன்னு இருக்கற என்விடியா டிரைவரப் போட்டுருங்க. நம்பகமானதை மட்டும் பூட் பண்ண விடுற செக்யூர் பூட்ங்கற பயாஸ் வசதி ஆன்ல இருந்தா பாஸ்வேர்ட் ஒண்ணு கேக்கும், அடுத்த பூட்டுல நீல ஸ்கிரீன் வரும், அது எர்ரர் இல்ல, என்ரோல் மோக்னு தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டக் குடுக்கணும், பயந்து கன்டினியூ அமுத்திட்டீங்கன்னா டிரைவர் வேலை செய்யாது.

எல்லாம் முடிஞ்சது, ஆனா ஆன் பண்ணா நேரா வின்டோஸ் போகுது

லினக்ஸ் உள்ளதான் இருக்கு, வரிசைதான் மாறியிருக்கு. பயாஸ்ல பூட் ஆர்டர் பாருங்க, வின்டோஸ் பூட் மேனேஜர் மேல இருக்கும், அதுக்குக் கீழ உபுண்டுன்னு இருக்கும், நீங்க போட்டது மின்டா இருந்தாலும் அங்க உபுண்டுன்னுதான் காட்டும், குழம்பாதீங்க. அதை மேல ஏத்துங்க. சில ஏசர்ல ஏத்தவே விடாது, பயாஸ்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒண்ணு வெச்சுட்டு, யுஇஎஃப்ஐ ஃபைலை டிரஸ்டட் ஆக்குற ஆப்ஷன்ல உபுண்டு ஃபோல்டர்ல இருக்கற ஷிம் ஃபைலை சேக்கணும். அந்தப் பாஸ்வேர்ட மறந்துட்டா பெரிய தலவலி, எழுதி வெச்சுக்கங்க.

பெரிய வின்டோஸ் அப்டேட்டுக்கப்புறம் இதே மாதிரி மாறலாம். 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு அப்டேட்டால பல பேருக்கு லினக்ஸ் பூட்டே ஆகாம எஸ்பிஏடின்னு ஒரு செய்தியோட நின்னுச்சு, அப்ப எங்கிட்ட வந்ததுக்கெல்லாம் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி, லினக்ஸ்குள்ள போயி எல்லா அப்டேட்டும் போட்டு, மறுபடி ஆன் பண்ணோம்.

தலைகீழா இருக்கு, லினக்ஸ் மட்டும்தான் வருது, வின்டோஸ் லிஸ்ட்லயே இல்ல!

வின்டோஸ் போயிருச்சுன்னு நினைச்சு நைட்டு பதினோரு மணிக்கு அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணின தங்கச்சிங்க இருக்காங்க, காலேஜ் ப்ராஜெக்ட் உள்ள இருக்கும். மொதல்ல லினக்ஸ்ல டிஸ்க்ஸ்னு இருக்கறதத் திறந்து என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருக்கான்னு பாருங்க, இருந்தா உங்க வின்டோஸ் பத்திரமா இருக்கு.

ஆன் பண்ணதும் எந்த ஓஎஸ்னு கேக்குற லினக்ஸோட மெனு, க்ரப்னு சொல்றோமே, அதோட 2.06 வெர்ஷன்ல இருந்து, 2021-ல வந்தது, பக்கத்து ஓஎஸ்ஸத் தேடுறத பாதுகாப்புக்காக ஆஃப் பண்ணிட்டாங்க. மின்ட்ல ஆன் பண்ணியே தராங்க, மத்ததுல க்ரப் செட்டிங் ஃபைல்ல ஓஎஸ் புரோபர் டிசேபிள்ங்கற வரிய ஃபால்ஸ்னு மாத்திட்டு அப்டேட் க்ரப் கமாண்ட சுடோவோட, அதாவது அட்மின் உரிமையோட குடுக்கணும். அப்பவும் வரலன்னா ஒண்ணு லெகசில ஒண்ணு யுஇஎஃப்ஐலன்னு போட்டிருப்பீங்க, அப்படி இருந்தா ஒரு மெனுல இருந்து இன்னொண்ணுக்குப் போகவே முடியாது, பூட் மெனு கீ வெச்சுதான் மாறணும், இல்ல லினக்ஸ மட்டும் சரியான மோடுல மறுபடி போடணும்.

லினக்ஸ்ல இருந்து டி டிரைவ்ல எதையும் சேவ் பண்ண முடியல

மேல சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் தான். அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் வின்டோஸ் முழுசா மூடாது, பாதி நினைவ டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும், அதனால லினக்ஸ் அந்த டிரைவ படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விடாம இருக்கறதுதான் சரி, எழுதினா ஃபைல் சிஸ்டம் கெடும். வலுக்கட்டாயமா மவுன்ட் பண்ற கமாண்ட் சொல்லித் தருவாங்க, வேண்டாங்க.

ஒவ்வொரு தடவயும் கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி போகுது

மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் உலகப் பொது நேரத்த வைக்கும், வின்டோஸ் அதை நம்ம நேரம்னு நினைச்சுப் படிக்கும், நமக்கும் அதுக்கும் வித்தியாசம் 5 மணி 30 நிமிஷம். லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல செட்-லோக்கல்-ஆர்டிசி 1-னு குடுங்க, சரியாயிரும்.

வைஃபை வரலைங்க

ஃபோன யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க, அதுலயே நெட் வந்துரும், அப்டேட் எல்லாம் போட்டு டிரைவர் மேனேஜர ஒரு தடவ திறந்தா முக்கால்வாசி சரியாயிரும்.

அரசு குடுத்த இலவச லேப்டாப்ல போடலாமா?

போடலாம். 2011-ல திட்டம் ஆரம்பிச்சப்ப வந்த லேப்டாப்புங்களே வின்டோஸோட, சி-டாக்ங்கற மத்திய அரசு நிறுவனம் பண்ணின பாஸ் லினக்ஸும் சேத்து ரெண்டு ஓஎஸ்ஸோட வந்ததுதான், நம்ம ஊர்ல எத்தனையோ புள்ளைங்க லினக்ஸ மொத மொத பாத்தது அதுலதான். ராம் 2 ஜிபின்னா மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான பதிப்ப எடுங்க. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டீங்கன்னா இன்னும் நல்லா ஓடும்.

லினக்ஸ் வேண்டாம்னு டெலீட் பண்ணிட்டேன், இப்ப க்ரப் ரெஸ்க்யூன்னு நிக்குது

பூட் மெனு கீ அமுத்தி வின்டோஸ் பூட் மேனேஜரத் தேர்ந்தெடுங்க, வின்டோஸ் வந்துரும், அப்புறம் பயாஸ்ல அதையே மேல வெச்சுருங்க. லெகசி மோடுன்னா வின்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ரிப்பேர்ல கமாண்ட் பிராம்ப்ட் போயி பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர். நீக்கணும்னா வரிசைய மொதல்ல மாத்திட்டு அப்புறமா பார்ட்டிஷன டெலீட் பண்ணுங்க.

எரேஸ் டிஸ்க் அமுத்திட்டேன் அண்ணா. ஏதாவது பண்ண முடியுமா?

உடனே ஆஃப் பண்ணுங்க. அந்த டிஸ்க்ல இனிமே ஒரு எழுத்து கூட எழுதக் கூடாது, மறுபடி வின்டோஸ் போட்டுப் பாக்கலாம்ங்கறது இருக்கறதையும் அழிக்கற வேலை. பென்டிரைவ்ல லைவா பூட் பண்ணி டெஸ்ட்டிஸ்க்ங்கற மீட்பு சாஃப்ட்வேர ஓட்டுனா பழைய பார்ட்டிஷன் சில சமயம் அப்படியே திரும்பக் கிடைக்கும், கிடைக்கலன்னா ஃபோட்டோரெக், ரெண்டும் இலவசம், எடுக்கறத வேற டிஸ்க்லதான் சேமிக்கணும். எஸ்எஸ்டின்னா டிரிம் ஓடி அழிஞ்ச எடத்த அதுவே காலி பண்ணியிருக்கும், வாய்ப்பு ரொம்பக் கம்மி. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்குன்னா முயற்சி பண்ணிப் பாக்கலாம்.

சித்தப்பாவோடது ஹார்ட் டிஸ்க்தான். ரெண்டு ராத்திரி ஃபோட்டோரெக் ஓட விட்டேன். தங்கச்சி கல்யாண போட்டோ பேரில்லாம நம்பர் நம்பரா நெறைய வந்துச்சு, தாலி கட்டுற போட்டோவும் அதுல இருந்துச்சு, சித்தி அதை மட்டும் பிரின்ட் போட்டு மாட்டியிருக்காங்க. கணக்கு ஃபைல் ஒண்ணு கூட உருப்படியா திறக்கல. சித்தப்பாவும் நானும் பழைய சிட்டை நோட்ட எல்லாம் எடுத்து வெச்சு ஒவ்வொரு வரியா மறுபடி ஏத்தினோம், மூணு மாசம் ஆச்சு. இப்ப சனிக்கிழமை பட்டறை மூடறப்ப அவரே பென்டிரைவ சொருகி காப்பி எடுத்து சட்டப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வராரு.